நிலையைப் பார், பிறகு கதவைத் தொடு

(முன்னாள் மாணவர் சந்திப்பு நாளன்று கல்லூரிக் கலையரங்கில் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன் இங்கே தரப்படுகிறது.)



சங்கச் செயலாளர் போன் பண்ணி, "நீங்க ஒரு அரை மணி நேரம் பேசணும். மாணவர்களுக்கு ஊக்கமா இருக்கணும். உங்க வெற்றியைப் பத்திச் சொல்லுங்க" என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். என் வெற்றியைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறை, பதினொரு ஆட்கள், மாசம் முடிஞ்சா சம்பளம் போட முடிகிறது. அவ்வளவுதான். மீதி இருபத்தைந்து நிமிடத்துக்கு நான் தோற்ற கதையைச் சொல்கிறேன். அது ஒரு கார்க் கதவைப் பற்றியது. வேடிக்கையான தலைப்பாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் கதவு எனக்குக் கற்றுக்கொடுத்ததை நான்கு வருடப் படிப்பில் நான் கவனிக்கத் தவறிவிட்டேன்.

ஃபைபரும் நம் ஊரும்

மேட்டுப்பாளையம் என்றால் உங்களில் பலருக்கு டிரக் டெர்மினல்தான் நினைவுக்கு வரும். லாரி, டயர், டீக்கடை, டிங்கரிங் சத்தம். என் பட்டறை ஃபைபர் பட்டறை. தண்ணீர்த் தொட்டி, பஸ்ஸுக்கு முன்முகம், பைக்குக்கு மட்கார்ட் என்று ஆரம்பித்தேன். நம் கடற்கரைக்கு ஃபைபர் புதிதல்ல. கட்டுமரம் இருந்த குப்பங்களில் ஃபைபர் படகு வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரை முழுக்க ஃபைபர் படகாகிவிட்டது. அதனால் பாய் விரித்து, ரெசின் தடவி, ரோலர் போட்டு காற்றுக்குமிழ் எடுக்கத் தெரிந்த கைகள் நம் ஊரில் நிறைய உண்டு. என் பட்டறையின் முதல் மூன்று ஆட்களும் படகு வேலையிலிருந்து வந்தவர்கள்தான்.

காருக்கும் ஃபைபருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 1953-இல் அமெரிக்காவில் செவர்லே கம்பெனி கார்வெட் என்ற ஸ்போர்ட்ஸ் காரை ஃபைபர் பாடியில் செய்தது. முதல் வருடம் முந்நூறே முந்நூறு கார், ஏறக்குறைய கையாலேயே கட்டியது. இங்கிலாந்தில் லோட்டஸ் கம்பெனி 1957-இல் எலீட் என்ற காரை, தனி சேஸிஸே இல்லாமல் ஃபைபர் கூட்டையே சேஸிஸாக வைத்துச் செய்தது. 1962-இல் வந்த அவர்களுடைய எலான் காரில் நடுவே முதுகெலும்பு மாதிரி ஒரு எஃகுச் சட்டம், அதன்மேல் ஃபைபர் பாடி. நம் ஊருக்குப் பழைய உறவான பிரான்ஸில், டியெப் என்ற துறைமுக ஊரில் ழான் ரெதெலே என்பவர் ஆல்பீன் கார்களைச் செய்தார். அவருடைய ஃபைபர் பாடி ஆல்பீன் ஏ110 தான் 1973-இல் உலக ராலி சாம்பியன் பட்டத்தைக் கம்பெனிகளுக்கு முதன்முதலாகக் கொடுத்தபோது அதை வாங்கிய கார்.

நம் நாட்டிலும் உண்டு. பெங்களூரில் சிபானி கம்பெனி 1982-இல் டால்ஃபின் என்று ஒரு சின்னக் கார் விட்டது. இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் காரை ஒட்டிச் செய்தது, 848 சிசி, ஃபைபர் பாடி. கனம் குறைவு என்பதால் ராலிக்காரர்களுக்கு அதன்மேல் ஒரு பிரியம். 1990-களின் கடைசியில் சான் மோட்டார்ஸ் ஸ்டார்ம் என்று ஓர் இரண்டு இருக்கைத் திறந்த கார் செய்தது. அதுவும் ஃபைபர் பாடி, ரெனோவின் 1149 சிசி இன்ஜின். எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் வைத்திருப்பவர்கள் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கார் வந்த நாள்

2011 டிசம்பர் 30 தானே புயல் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அது வந்துபோன மறுவருடம், வைத்திக்குப்பம் பக்கம் கடலோர வீட்டிலிருந்து ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்தார். அவரிடம் 1960-களில் இங்கிலாந்தில் செய்த, மேற்கூரை இல்லாத இரண்டு இருக்கை ஃபைபர் கார் ஒன்று இருந்தது. தூதரக அதிகாரி ஒருவர் எப்போதோ கொண்டுவந்து, ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனதாம். பல கைமாறி இவருடைய அப்பாவிடம் வந்திருக்கிறது. காரின் பெயரை நான் சொல்லவில்லை. பெயர் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள், ஊர் அவ்வளவு சின்னது.

குறை என்ன? இடதுபக்கக் கதவு சரியாக மூடவில்லை. இழுத்து அடித்தால்தான் லாக் விழுகிறது. கதவின் பின்விளிம்பு மேலே பாடியோடு உரசி பெயின்ட் உரிந்திருந்தது.

நான் கதவைத் திறந்து பார்த்தேன். கொஞ்சம் ஆட்டினேன். "கீல் தேய்ஞ்சிருக்கு சார், அதான் கதவு தொங்குது. ரெண்டு நாள்ல முடிச்சுடலாம்" என்றேன். பார்த்த நேரம் மூன்று நிமிடம்கூட இருக்காது.

ரெண்டு நாளில் முடித்தும் கொடுத்தேன். என்ன செய்தேன் தெரியுமா? கீலுக்கு அடியில் வாஷர் கொடுத்துக் கதவைத் தூக்கினேன். அப்படியும் மேலே உரசியது. பின்விளிம்பின் மேல்பகுதியை நாலு மில்லிமீட்டர் தேய்த்து எடுத்தேன். லாக் சரியாக உட்காரவில்லை, ஸ்ட்ரைக்கரை நகர்த்தி வைத்தேன். பட்டி போட்டு, பெயின்ட் அடித்து, பாலிஷ் போட்டபோது கண்ணாடி மாதிரி இருந்தது. பெரியவர் மனசார வாழ்த்திவிட்டுப் போனார். நானும் படம் எடுத்து மாட்டி வைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெரியவர் கார் ஓட்டுகிறார். பக்கத்தில் மருமகள், மடியில் மூன்று வயதுப் பேத்தி. கோட்டக்குப்பம் தாண்டி ஒரு வேகத்தடை. கார் ஏறி இறங்கியதும் இடதுபக்கக் கதவு தானாகத் திறந்துகொண்டது. அந்தக் காலத்துக் கார், சீட் பெல்ட் கிடையாது. வேகத்தடை என்பதால் கார் மெதுவாகப் போயிற்று. அந்தப் பெண் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று இன்று மேடையில் நின்று என்னால் சொல்ல முடிகிறது, அவ்வளவுதான்.

அவர் நேராகப் பட்டறைக்குத்தான் வந்தார். சத்தம் போடவில்லை. "உங்க மேல கோவம் இல்ல தம்பி. ஒண்ணு மட்டும் கேக்கறேன். நீங்க ஏன் காருக்குக் கீழே படுத்துப் பாக்கல?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை.

ஆசாரியார் சொன்னது

அப்போது எங்கள் பட்டறையில் ஓர் ஆசாரியார் இருந்தார். பஸ் பாடிக்கு மரச்சட்டம் போட்ட காலத்து ஆள். எங்களுக்கு அச்சுக்கு மரமாதிரி செய்து கொடுப்பார். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அவர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு வந்தார்.

"தம்பி, வீட்டுல கதவு இழுக்குதுன்னு கூப்பிட்டா நான் முதல்ல என்ன பாப்பேன் தெரியுமா?"

"கீல் பாப்பீங்க."

"இல்லப்பா. நிலையைப் பாப்பேன். தூக்குக்குண்டு போட்டு நிலை நேரா நிக்குதான்னு பாப்பேன். சுவர் இறங்கி நிலை சாஞ்சிருந்தா, கதவு என்ன பண்ணும்? நிலை சாஞ்சது தெரியாம கதவைச் சீவுறவன் அடுத்த வருஷமும் சீவிக்கிட்டேதான் இருப்பான்."

நான் சீவியது நாலு மில்லிமீட்டர். அவருக்கு நான் சீவினது தெரியும். தெரிந்தேதான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

வள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்தில் மருத்துவனுக்குச் சொல்வதும் இதுதானே. நோயைப் பார், நோய் எதனால் வந்தது என்று பார், பிறகு மருந்தைப் பார் என்று வரிசை வைக்கிறார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய குறள். பட்டறையில் மறந்துபோனேன்.

அன்று மாலை காரை ஜாக்கியில் ஏற்றிக் கீழே படுத்தேன். கதவுக்குக் கீழே, நாம் கால் வைத்து ஏறும் படி இருக்கிறதே, பட்டறையில் சில் என்போம், அதற்குள் நீளமாக ஓர் எஃகுக் குழாய் ஓடுகிறது. வெளியே ஃபைபர் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. உள்பக்கம் தண்ணீர் வடியும் ஓட்டையில் ஸ்க்ரூ டிரைவரை விட்டேன். அப்பளம் மாதிரி உள்ளே போயிற்று. கடல் காற்று, மழைத்தண்ணீர், புயலின்போது ஷெட்டில் தேங்கி நின்ற உப்புத்தண்ணீர் எல்லாம் சேர்ந்து குழாயைத் தின்றுவிட்டிருந்தன. கார் புயலில் எங்கே நின்றது என்று நான் முதல் நாளே கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார். கேட்கவில்லை.

ஃபைபர் துருப்பிடிக்காது என்று சொல்லிச் சொல்லியே நாம் ஏமாறுகிறோம். உண்மைதான், ஃபைபர் துருப்பிடிக்காது. அதற்குள் பதித்திருக்கும் எஃகு பிடிக்கும். தகரக் காராக இருந்தால் துரு வெளியே வந்து முகத்தைக் காட்டும். ஃபைபர் கார் கடைசிவரை பளபளவென்று இருந்துகொண்டே உள்ளே சாகும். உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்குச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி கதவின் இடைவெளி. அந்தச் சாட்சியைத்தான் நான் தேய்த்து எடுத்துவிட்டேன்.

கதவை எப்படிப் படிப்பது

அதற்குப் பிறகு என் பட்டறையில் ஒரு முறை வைத்திருக்கிறேன். மெக்கானிக்கல் மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

முதலாவது, காரைச் சமதளத்தில் நிறுத்த வேண்டும். டயர் நாலிலும் காற்று ஒழுங்காக இருக்க வேண்டும். தளம் சமமா என்று கொத்தனார் ட்யூப் மட்டம் வைத்துப் பாருங்கள். மேடுபள்ளத்தில் நிறுத்திவிட்டு அளந்தால் தரையின் குறையைக் காரின் தலையில் எழுதுவீர்கள்.

இரண்டாவது, ஸ்ட்ரைக்கர் இருக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு அதைக் கழற்றிவிடுங்கள். கதவைச் சுற்றியுள்ள பீடிங் ரப்பரையும் எடுத்துவிடுங்கள். ஸ்ட்ரைக்கர் தொங்கும் கதவைத் தூக்கிப் பிடித்து, குறையை மறைத்துவிடும். தடிமனான புது பீடிங் நல்ல கதவையும் வெளியே தள்ளும். கீலில் குறை என்று வந்த கார்களில் சில, வெறும் பீடிங் மாற்றியதும் சரியாகிப் போயிருக்கின்றன. இந்த இரண்டும் இல்லாமல் கதவு தன் இஷ்டத்துக்குத் தொங்கும்போதுதான் அது உண்மை பேசும்.

மூன்றாவது, அளந்து எழுதுங்கள். முன்விளிம்பில் மேல், நடு, கீழ். பின்விளிம்பில் மேல், நடு, கீழ். அடியில் முன்மூலை, பின்மூலை. மொத்தம் எட்டு இடம். விலை உயர்ந்த கருவி வேண்டாம், டிரில் பிட்டின் தண்டே அளவுகோல். 4 மில்லிமீட்டர் தண்டு நுழைகிறது, 5 நுழையவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது. இரண்டு பக்கக் கதவுக்கும் எழுதுங்கள். கைவேலையில் செய்த ஃபைபர் காரில் இடதும் வலதும் கம்பெனியிலேயே கொஞ்சம் மாறித்தான் இருக்கும். ஆனால் மாற்றத்தின் போக்கு கதை சொல்லும்.

நான்காவதுதான் முக்கியமானது. இடதுபக்கக் கதவுக்கு எதிரே நின்று பாருங்கள். காரின் மூக்கு உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். கதவு கீலில் தொங்குகிறது, கீல் முன்தூணில் இருக்கிறது. மேல்கீல் தளர்ந்தால் கதவின் தலை பின்னால் சாயும். முன் இடைவெளி மேலே அகலும், கீழே குறுகும். பின் இடைவெளி மேலே குறுகும், கீழே அகலும். அடியில் பின்மூலை படியை நோக்கி இறங்கும். இது கீல் குறை.

பாடியே நடுவில் தொய்ந்திருந்தால் என்ன ஆகும்? முன்தூணும் கதவும் சேர்ந்தே சாய்கின்றன. அதனால் முன் இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக, நல்ல பிள்ளையாக இருக்கும். பின் இடைவெளி மட்டும் மேலே குறுகி, கீழே அகலும். இதற்கு எதிராக, பின் இடைவெளி மேலே அகன்று கீழே குறுகினால் பாடியின் பின்பக்கம் இறங்கியிருக்கிறது என்று பொருள். பின்னால் பாடி உட்காரும் ரப்பரையும் போல்ட்டையும் பாருங்கள்.

கவனித்தீர்களா? கீல் குறை, நடுத்தொய்வு, இரண்டிலும் பின்விளிம்பு மேலே உரசும். உரசும் இடத்தை மட்டும் பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் முன்னால் இருக்கிறது. அந்தப் பெரியவரின் காரில் முன் இடைவெளி ஒரே சீராகத்தான் இருந்தது. அது அன்றைக்கே என் கண்ணெதிரே இருந்தது. நான் உரசிய இடத்தை மட்டும் பார்த்தேன்.

ஐந்தாவது, கதவைப் பாதி திறந்து, பின்பக்க அடிமூலையைப் பிடித்து மெல்ல மேலே தூக்குங்கள். இன்னொருவர் கீல்மேல் விரல் வைத்துப் பார்க்கட்டும். கீலின் ஊசி ஆடினால் ஊசியும் புஷ்ஷும் தேய்ந்திருக்கின்றன. கீல் அப்படியே முழுதாக ஆடினால் போல்ட் துளை அகன்றிருக்கிறது, அல்லது உள்ளே பதித்த எஃகுத் தகடு விட்டிருக்கிறது. கீலோடு தூணே அசைந்தால் ஃபைபர் அடுக்குகள் பிரிந்திருக்கலாம். ஒரு ரூபாய் நாணயத்தால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீர் என்னும், பிரிந்த இடம் தொம் என்னும். கீலைச் சுற்றி மேல்பூச்சில் சிலந்தி வலை மாதிரி வெடிப்பு ஓடியிருந்தால் அந்த இடத்தில் பாரம் தாங்கவில்லை என்று அர்த்தம்.

ஒரு கணக்கும் சொல்கிறேன். இரண்டு கீலுக்கும் நடுவே 30 சென்டிமீட்டர், கதவு நீளம் ஒரு மீட்டர் என்று வையுங்கள். மேல்கீலில் ஒரே ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் கதவின் பின்மூலை மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இறங்கும். நெம்புகோல் தத்துவம்தான். ஸ்போர்ட்ஸ் காருக்குக் கதவு நீளம், கார் உயரம் குறைவு, அதனால் கீல்கள் நெருக்கம். தொங்குவதற்கென்றே செய்த மாதிரி இருக்கும்.

ஆறாவது, ஜாக்கிச் சோதனை. சேஸிஸுக்கு அடியில், நடுவில், பலகை கொடுத்து ஜாக்கியை வைத்து, கொஞ்சமே கொஞ்சம் தூக்குங்கள். ஃபைபர் தரையில் வைக்காதீர்கள், ஓட்டை விழும். தூக்கும்போது பின் இடைவெளியின் மேல்பகுதி கண்ணெதிரே திறந்தால் சந்தேகமே வேண்டாம், பாடி நடுவில் தொய்கிறது. ஏன் தொய்கிறது? செருப்புப் பெட்டியை மூடியோடு முறுக்கிப் பாருங்கள், அசையாது. மூடியை எடுத்துவிட்டு முறுக்குங்கள், வளையும். கூரை இல்லாத கார் மூடி இல்லாத பெட்டி. அதன் பலம் முழுதும் கீழே இருக்கும் சேஸிஸிலும் படியிலும்தான்.

ஏழாவது, கீழே படுங்கள். டார்ச் லைட்டும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு படுங்கள். பாடியும் சேஸிஸும் சேரும் ஒவ்வொரு போல்ட்டையும் பாருங்கள். ரப்பர் நசுங்கியிருக்கிறதா, ஷிம் தகடு காணாமல் போயிருக்கிறதா, எஃகு துருவேறி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய கார்வெட் கார்களில் பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஷிம் வைத்துத்தான் பாடியை மட்டம் செய்வார்கள். யாராவது விவரம் தெரியாமல் அவற்றைக் கழற்றிப் போட்டுவிட்டால் கதவு இழுக்கத் தொடங்கும். குறை கதவிலிருந்து நாலடி தள்ளி இருக்கும்.

இந்த ஏழும் முடியும்வரை ஸ்பேனர் எடுக்கக் கூடாது. எங்கள் பட்டறையில் இது சட்டம். சரிசெய்யும் வரிசையும் இதேதான்: முதலில் சேஸிஸ், அடுத்து பாடி உட்காரும் இடங்கள், அடுத்து கீல், கடைசியில்தான் ஸ்ட்ரைக்கர். நான் தலைகீழாகச் செய்தேன்.

திரும்பச் செய்த வேலை

அந்தக் காரைத் திரும்பச் செய்ய ஏழு வாரம் ஆயிற்று. முதலில் சேஸிஸுக்கு ஆறு இடத்தில் முட்டுக் கொடுத்து, இடைவெளி சரியாகும்வரை தூக்கி, கதவு வாசலின் குறுக்கே இரும்புக் கம்பி வைத்து இறுக்கினோம். முட்டுக் கொடுக்காமல் குழாயை அறுத்தால் கார் ஒடிந்த முருங்கைக்கிளை மாதிரி ஆகிவிடும். பிறகு படியை உள்பக்கமாக வெட்டித் திறந்து, துருப்பிடித்த குழாயை எடுத்துவிட்டுப் புதுக்குழாய் வைத்தோம். கதவை மாட்டியபடியே வெல்டிங் வைத்தோம், ஒவ்வொரு பொட்டுக்கும் இடைவெளியை அளந்துகொண்டே. ஃபைபர் பக்கத்தில் வெல்டிங் என்றால் பேட்டரியும் பெட்ரோல் டேங்கும் வெளியே இருக்க வேண்டும், ஈரச்சாக்கு போர்த்த வேண்டும், ஒரு ஆள் தண்ணீரோடு நிற்க வேண்டும். ரெசின் பிடித்தால் கரும்புகையோடு எரியும்.

வெட்டிய ஃபைபரைத் திரும்ப ஒட்டும்போது இரண்டு பக்கமும் சரிவாகத் தேய்த்துத்தான் ஒட்ட வேண்டும். கனத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு சரிவு கொடுப்பது வழக்கம். பழைய ஃபைபர்மேல் எபாக்ஸி ரெசின் பாலியெஸ்டரைவிட நன்றாகப் பிடிக்கும். பாலியெஸ்டர் வேலை செய்கிற தம்பிகளுக்கு ஒரு எச்சரிக்கை: கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேருக்கு நேர் கலக்காதீர்கள், வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி, பிறகுதான் கேட்டலிஸ்ட். அது ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம், கண்ணாடி போடாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். தேய்க்கும்போது மாஸ்க். கண்ணாடித் தூள் நுரையீரலுக்கு நல்லதல்ல.

கடைசியில் ஒரு வேலை மிச்சம் இருந்தது. நான் தேய்த்தெடுத்த நாலு மில்லிமீட்டர். பாடி தன் இடத்துக்கு வந்ததும் கதவின் பின்னால் மேல்பக்கம் பல் விழுந்த வாய் மாதிரி இடைவெளி தெரிந்தது. அதை நானே உட்கார்ந்து, பாய் வைத்து, ரெசின் தடவி, திரும்பக் கட்டினேன். அந்த வேலைக்கும் முதல் வேலைக்கும் காசு வாங்கவில்லை. பெரியவர் கொடுத்தார். நான் வாங்கவில்லை.

கார் போகிற அன்று அவருடைய மருமகள் வந்திருந்தார். குழந்தையைக் கூட்டி வரவில்லை. கதவைத் திறந்து மூடினார். ஒரு விரலால் தள்ளினார், க்ளிக் என்று விழுந்தது. மறுபடியும் திறந்து மூடினார். அப்படி எட்டுப் பத்துத் தடவை. நான் தலைகுனிந்து நின்றேன். "சரிங்கண்ணா" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். அந்த ஒரு வார்த்தைதான் என் தொழிலில் நான் வாங்கிய சான்றிதழ்.

மாணவர்களுக்கு

தம்பி தங்கைகளே, நீங்கள் எல்லோரும் கார்ப் பட்டறை வைக்கப் போவதில்லை. உங்களில் ஒருவர் சாஃப்ட்வேரில் உட்காருவீர்கள், ஒருவர் அரசு அலுவலகத்தில், ஒருவர் இதே கல்லூரியில் ஆசிரியராக நிற்பீர்கள். உங்களிடமும் தொங்குகிற கதவுகள் வரும். நன்றாகப் படித்த பையன் திடீரென்று மார்க் குறைகிறான் என்று வரும். மூன்று நிமிடத்தில் பதில் சொல்லத் தோன்றும். அனுபவம் கூடக்கூட அந்த ஆசை கூடும், எனக்குக் கூடியது மாதிரி. அப்போது என் நாலு மில்லிமீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆசாரியார் இப்போது இல்லை. அவருடைய தூக்குக்குண்டு என் மேஜைமேல் இருக்கிறது. பட்டறையில் புதிதாகச் சேரும் பையனுக்கு முதல்நாள் அதைத்தான் கையில் கொடுப்பேன். ஸ்பேனர் செட் மூன்றாவது வாரம்தான். பையன்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

நம் கல்லூரியின் வொர்க்ஷாப்பை இன்று காலை போய்ப் பார்த்தேன். நாங்கள் ஃபைலிங் போட்ட அதே வைஸ் இன்னும் இருக்கிறது. அதன் கதவு கொஞ்சம் இழுக்கிறது. முதல்வர் அவர்கள் அனுமதி கொடுத்தால், அடுத்த வாரம் இரண்டு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து சரிசெய்து கொடுக்கிறேன். முதலில் நிலையைப் பார்ப்போம்.